நான்கு மடங்கு

மூடியை அழுத்திச் சாத்திவிட்டுத் திரையிலிருந்த பச்சைக் கட்டத்தைத் தொட்டபோது மணி இரண்டு ஐந்து. இயந்திரம் ஒருதரம் முனகியது, ஒரு மணி நாற்பது நிமிடம் மீதம் என்று எழுதிக் காட்டியது, அதற்குமேல் அதற்கும் இசக்கிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இனி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், அவளுக்கோ சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல உடம்பை முறிக்கிற வேலை வேறு கிடையாது. தொண்ணூற்றாறு குழிகள், ஒரு குழிக்கு ஒரு சொட்டில் கால்வாசிகூட இல்லை, நாற்பது தடவை சூடேறி ஆறும், ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கிற மரபணுவின் படிகள் இரட்டிக்கும், எந்தக் குழியில் ஆரம்பத்திலேயே நிறையப் படிகள் இருந்தனவோ அதன் கோடு திரையில் சீக்கிரம் எழும்பும், குறைவாக இருந்தது பின்னால் எழும்பும், அவ்வளவுதான் சங்கதி. இரண்டு சுற்று முன்னால் எழுந்தால் நான்கு மடங்கு என்று அர்த்தம். நான்கு மடங்கு. மூன்று வருஷமாக இந்த ஆய்வுக்கூடத்தில் பைபிள் வசனம் மாதிரி சொல்லப்படுகிற எண், தண்ணீர் இல்லாத கேழ்வரகுச் செடியில் நாற்பத்தொன்று நான்கு மடங்கு ஏறும். நாற்பத்தொன்று என்பது ஒரு மரபணுவுக்கு இவர்கள் வைத்த செல்லப்பெயர், பட்டியலில் அது நாற்பத்தொன்றாவது. அந்த நான்கு மடங்கின் மேல்தான் இவளுடைய ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் உட்கார்ந்திருக்கிறது, படங்கள், அட்டவணைகள், முப்பத்தாறு பக்கம். இன்றைக்கு அது பொய் என்று நிரூபிக்கத்தான் இவளே இந்தக் குழிகளை நிரப்பினாள். அடி பைத்தியக்காரி. அதிருக்கட்டும், டி ஏழு. டி வரிசை ஏழாம் குழியில் கலவையை விட்டோமா? ஆறில் விட்டது நினைவிருக்கிறது, எட்டில் விட்டது நினைவிருக்கிறது, ஏழுக்குக் கை போகும்போதுதான் நிலக்கடலை ஆராய்ச்சி பண்ணுகிற தமீம் அண்ணன் கதவைத் திறந்து மார்க்கர் பேனா கேட்டார், கீழ்த்தட்டில் இருக்கிறது என்றாள், மறுபடி குனிந்தபோது கை எங்கே போயிற்று? கைக்குத் தெரியும், கைக்கு எப்போதும் தெரியும் என்று சொல்லிக்கொண்டாள். ஏழுதான் மத்தியானத்துக் காய்ந்த செடி. குளிர்சாதனத்தின் காற்று நேராகப் பிடரியில் அடித்தது.

பள்ளிக்கூடத்தில் செடி சும்மா நிற்கிறது என்று சொன்ன உயிரியல் டீச்சரோடு அவள் பதினோராம் வகுப்பிலேயே மல்லுக்கு நின்றிருக்கிறாள். விலங்குக்கு ஆபத்து வந்தால் ஓடும், செடிக்கு வந்தால் நிற்கும், ஆகவே விலங்கு மேல் என்றார் டீச்சர், ஓட முடிந்தவனுக்கு மூளை எதற்கு, நிற்கிறவனுக்குத்தானே யோசனை வேண்டும் என்றாள் இவள், வெளியே நிற்கச் சொன்னார்கள், நின்றாள், வேப்பமரத்துக்குப் பக்கத்தில், தன் கட்சிக்காரனோடு நிற்கிற மாதிரி. இப்போதும் விடுதியில் யாராவது செடிதானே என்று சொல்லிவிட்டால் போதும், சாப்பாட்டுத் தட்டு காய்கிற வரைக்கும் விடமாட்டாள். செடியின் ஒவ்வொரு செல்லிலும் முழுப் புத்தகமும் இருக்கிறது, வேரில் இருப்பதும் அதுதான், பூவில் இருப்பதும் அதுதான், ஆனால் வேர் வேராக இருப்பது அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தை எப்போது படியெடுக்கிறது என்பதால். ஒவ்வொரு மரபணுவுக்கும் முன்னால் ஒரு சின்ன முற்றம், அங்கே வந்து உட்காருகிற புரதங்கள்தான் படியெடு என்றோ, எடுக்காதே போ என்றோ சொல்கின்றன. மண் காய்கிறது, வேர் செய்தி அனுப்புகிறது, செய்தி வந்ததும் செடி புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை, அதுவரை வாயைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு கையை எடுத்துவிடுகிறது, அடங்கிக் கிடந்தது பேச ஆரம்பிக்கிறது. எத்தனை அழகு. பாடப்புத்தகத்தில் இதற்கு விளக்கு சுவிட்சின் படம் போட்டிருக்கிறார்கள். சுவிட்சாம். வீட்டில் ஒரு கல்யாணத்துக்குச் சம்மதம் வாங்குவதற்கு எத்தனை பேர் கூடி உட்கார்ந்து, ஒருத்தர் முறைத்து, ஒருத்தர் இறங்கிவந்து, கடைசியில் பெரியப்பா தொண்டையைச் செருமி, அப்படி நடக்கிறது ஒரு மரபணு திறக்கிற காரியம், அதற்குப்போய்ச் சுவிட்சு. எழுதினவனைக் கண்டால் கேட்கவேண்டும். எட்டாவது சுற்று. கோடுகள் இன்னும் தரையோடு தரையாகக் கிடந்தன, அப்படித்தான் கிடக்கும், பதினைந்துக்கு முன்னால் எதுவும் தலைதூக்காது, இருந்தாலும் கண் போகிறது.

தப்பு நடந்தது டீயால். இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், சிரிக்கவேண்டிய விஷயம்தான். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், இவள் வருவதற்கெல்லாம் முன்னால், யாரோ ஒரு மாணவர் தண்ணீர் விட்ட செடியின் இலையையும் விடாத செடியின் இலையையும் குழாய் மாற்றிப் போட்டு ஒரு சீசனே பாழானதாம். அன்றிலிருந்து ஆய்வு வழிகாட்டி கிரேஸ்லின் மேடம் ஒரு முறை வைத்தார். முதலில் தண்ணீர் விட்ட செடிகளை மட்டும் வெட்டு, அதை மாடிக்குக் கொண்டுபோய் உறைபெட்டியில் வை, கை கழுவு, டீ குடி, திரவ நைட்ரஜன் குடுவையை மறுபடி நிரப்பு, அப்புறம் கீழே வந்து காய்ந்த செடிகளை வெட்டு. இரண்டும் எந்த ஜென்மத்திலும் கலக்காது. நல்ல முறைதான், எல்லோரும் சாமி கும்பிடுகிற மாதிரி பின்பற்றினார்கள், இசக்கியும்தான், டீ குடித்தாள், இரண்டு வடையும் தின்றாள். ஒன்பதரைக்கு ஈரச்செடி, பன்னிரண்டுக்குக் காய்ந்த செடி. மூன்று வருஷம், அறுபது எழுபது தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மடங்கு. போன மாதம் கேன்டீன்காரர் மச்சினன் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார், டீ இல்லை, அலுப்பில் இரண்டு வகையையும் ஒரே மூச்சில் வெட்டிக்கொண்டு வந்தாள், நான்கு மடங்கைக் காணவில்லை. ஒன்றுமேயில்லை, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக. இலை கெட்டிருக்கும் என்றார் மேடம். கெட்டால் எல்லாமே அல்லவா கெடவேண்டும், இது மட்டும் எப்படி என்றாள் இவள். அன்றைக்குத் தொடங்கிய சண்டை மூன்று வாரம் ஓடியது, வராந்தாவில், மின்னஞ்சலில், ஒருநாள் நூலகப் படிக்கட்டில் மேடம் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோதுகூட. செடிக்கு மணி தெரியும் மேடம், நாம் அளந்தது வறட்சியை இல்லை, ஒன்பதரைக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. மேடம் கடைசியில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு தொண்ணூற்றாறு குழியோடு ஒரு பிளேட் தருகிறேன், ஒன்றே ஒன்று, அதோடு இந்தப் பேச்சை நிறுத்திவிடவேண்டும், வரவில்லையென்றால் அத்தியாயத்தை அப்படியே சமர்ப்பிக்கிறாய் என்றார். அந்த ஒன்றுதான் இப்போது உள்ளே சூடேறிக்கொண்டிருக்கிறது. முந்தாநாள் காலை ஆறு மணி, ஒன்பது மணி, பன்னிரண்டு மணி, மூன்று மணி. ஒவ்வொரு மணிக்கும் ஈரத்தில் ஒன்று காய்ந்ததில் ஒன்று என்று மாற்றி மாற்றி, இரண்டு நிமிடத்துக்குள் வெட்டியாயிற்று. ஈரம் நீலக்கோடு, காய்ந்தது சிவப்பு. ஒவ்வொரு மணியிலும் சிவப்பு இரண்டு சுற்று முந்தினால் மேடம் சரி, நீலமும் சிவப்பும் சேர்ந்தே எழுந்து மணிக்கு மணி விலகினால் இவள் சரி. டி ஏழு மட்டும் காலியாக இல்லாமல் இருக்கவேண்டும்.

அம்மா கூப்பிட்டாள். எடுத்திருக்கக்கூடாது, எடுத்துவிட்டாள். தென்காசியில் தையல்கடையின் இரைச்சலுக்கு நடுவே அம்மாவின் குரல், சாப்பிட்டாயா என்ற விசாரணை முடிந்ததும் நேராக ஜூனுக்கு வந்தது. ஜூனில் முடிந்தால்தான் ஐதராபாத், அங்கே ஓர் ஆய்வு நிலையத்தில் இவளுக்கு ஓர் இடம் சொல்லிவைத்திருக்கிறார்கள், ஜூலை ஒன்றாம் தேதி போய் நிற்கவேண்டும், அதற்குமேல் காக்கமாட்டார்கள், அம்மா ஏற்கெனவே இரண்டு கம்பளிச் சட்டை எடுத்துவைத்திருக்கிறாள், ஐதராபாத் என்னவோ இமயமலையில் இருக்கிற மாதிரி. "ஏட்டி, உண்மையச் சொல்லு, ஜூன்ல முடிச்சிருவியா, இல்ல இன்னும் யார்கூடயாச்சும் வாதம் பண்ணிக்கிட்டு நிக்கியா?" வாதம்தான் பண்ணுகிறேன் அம்மா, என்கூடவே பண்ணுகிறேன் என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்றாள், அம்மாவுக்குப் பார்க்கலாம் என்றால் என்னவென்று தெரியும், ஒரு பெருமூச்சு, பிறகு தையல் இயந்திரம் மட்டும். தமீம் அண்ணன் ஓர் ஓரத்தில் நிலக்கடலை வேர்களைக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார், கேட்டதோடு விடவும் மாட்டார். நீ ஜெயிச்சா உன் சேப்டர் காலி, நீ தோத்தா உன் வாய் காலி, எந்தப் பக்கம்மா துஆ கேட்கறது, தெரிஞ்சாக் கேட்டுவைப்பேன் என்றார். நிலக்கடலைக்குக் கேளுங்கள் அண்ணே என்று சொல்லிவிட்டாளே தவிர, கேள்வி உள்ளே போய் முள்ளாகத் தைத்துக்கொண்டது. எந்தப் பக்கம்? முப்பத்தாறு பக்கத்தையும் எழுதியது இதே கை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஆணித்தரமாக எழுதிய வரிகள், வறட்சி நாற்பத்தொன்றைத் தூண்டுகிறது, தூண்டுகிறதாம், எத்தனை அடித்துப் பேசியிருக்கிறாள் அந்தத் தூண்டுகிறது என்ற சொல்லுக்காக. கோயம்புத்தூர் கருத்தரங்கில் ஒரு பெரியவர் எழுந்து, இலையை எப்போது வெட்டினீர்கள் என்று கேட்டார். காலையில் என்றாள். எப்படிப்பட்ட பதில். அவர் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார், இவள் விட்டால்தானே, புள்ளிவிவரத்தை அள்ளிவீசி உட்காரவைத்துவிட்டாள், கைதட்டல் வேறு. இப்போது நினைத்தால் காது மடல் சுடுகிறது. அவர் சரியான கதவைத்தான் தட்டினார், இவள் உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள். ஜெயித்தாளே அன்றைக்கு, ஜெயித்து என்ன கண்டாள். பேச்சிலே ஜெயிக்கிறவள் என்றுதான் எல்லோரும் இவளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், செடி ஒரு வார்த்தை பேசாமல் மூன்று வருஷம் இவளைத் தோற்கடித்துக்கொண்டே இருந்திருக்கிறது, இவள் வடை தின்றுகொண்டு இருந்திருக்கிறாள். இதை நினைத்ததும் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது, அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்துவிட்டது, தமீம் அண்ணன் திரும்பிப் பார்த்துவிட்டு அடுத்த வேரைக் கையிலெடுத்தார்.

பதினாறாவது சுற்று. பதினேழில் முதல் அசைவு, எந்நேரமும் ஒரே அளவில் இருக்கிற ஒரு மரபணுவை ஒத்துப்பார்ப்பதற்காகப் போட்டிருந்தாள், அந்தக் கோடுகள் எல்லாம் ஒரே கயிறாகத் திரண்டு தரையைவிட்டுக் கிளம்பின. நல்லது, இலை கெடவில்லை, கை நடுங்கவில்லை. இலைச்சாறு இல்லாமல் வெறும் தண்ணீர் விட்ட குழி கிடந்த இடத்திலேயே கிடந்தது, அதுவும் நல்லது. இனி நாற்பத்தொன்று. செடிக்குள் ஓடுகிற கடிகாரத்தை நினைத்துக்கொண்டாள், விடுதி மெஸ்ஸில் காலை ஷிப்ட் சாந்தியக்காவும் மாலை ஷிப்ட் மல்லிகாக்காவும் மாதிரிதான் அது, காலைப் புரதம் வந்ததும் மாலைக்கான மரபணுக்களைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும், பொழுது சாயச்சாய அது தேய்ந்துபோகும், மாலைப் புரதம் வந்து காலையுடையதைப் பூட்டும், ஒருத்தி இருக்கிற இடத்தில் மற்றவள் இல்லை, இருவரும் ஒருவரையொருவர் அடக்கி அடக்கியே நாள் தவறாமல் வேலை நடக்கிறது. சூரியனைப் பார்த்துத்தான் என்றில்லை, இருட்டிலும் நடக்கும். அதற்கும் ஒரு சாட்சி உள்ளே இருக்கிறது, மேடத்துக்குச் சொல்லாத சாட்சி. தண்ணீர் விட்ட இரண்டு தொட்டிகளை முதல்நாள் சாயங்காலமே பழைய இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, மறுநாள் ஒன்பதுக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று என்று இலை எடுத்து, மிச்சமிருந்த குழிகளில் விட்டிருந்தாள். மேடம் எங்கே அடிப்பார் என்று தெரியும், வெயில் ஏறினால் சூடு ஏறும், சூட்டால் ஏறியதை மணியால் என்கிறாய் என்பார், அந்த அடிக்கு இந்த அலமாரி. இருபது. இருபத்தொன்று. எழுந்து நின்றுவிட்டாள், எழுந்தது தெரியாமலே. ஒரு நீலம், அதன் தோளில் கை போட்டுக்கொண்டு ஒரு சிவப்பு, இன்னொரு நீலம், இன்னொரு சிவப்பு, பன்னிரண்டு மணிக்காரர்கள் ஆறு பேரும் ஒன்றாக எழுந்தார்கள், டி ஏழும் அவர்களோடு, கைக்குத் தெரியும் என்றேனே. அடுத்து மூன்று மணி, நீலமும் சிவப்பும். அப்புறம்தான் ஒன்பது மணி, பன்னிரண்டுக்குச் சரியாக இரண்டு சுற்று பின்னால், இரண்டு சுற்று, நான்கு மடங்கு, அதே நான்கு மடங்கு. கடைசியாக ஆறு மணி, தூக்கக் கலக்கத்தோடு. எந்த மணியிலும் சிவப்பு நீலத்தை முந்தவில்லை. அலமாரிக்காரர்கள்? கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழ்வரிசையைத் தேடினாள். இரும்புக் கதவுக்குள் ஒரு பொட்டு வெளிச்சமில்லாமல் நின்ற செடி பன்னிரண்டு மணி என்று அறிந்து, அலமாரியின் ஒன்பது மணிக்காரனைவிட ஒன்றரைச் சுற்று முன்னால் எழுந்திருந்தது. முப்பத்தாறு பக்கம் போயிற்று. ஐதராபாத் போயிற்று. நெஞ்சுக்குள் ஏதோ உடைவதற்காகக் காத்திருந்தாள், அது உடையாமல் விரிந்தது, பள்ளிவிட்டு ஓடிவருகிற பிள்ளைகள் மாதிரி ஒரு கூச்சல் உள்ளே, இருட்டில் நின்று மணி பார்த்திருக்கிறது, யாரும் பார்க்காதபோதும் பார்த்திருக்கிறது, என் தங்கமே, என் அறிவே, இத்தனை நாளும் நீ சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறாய். எந்தப் பக்கம் என்று அண்ணன் கேட்டாரே, செடியின் பக்கம், வேறெங்கே.

மூன்றே முக்காலுக்கு வகுப்பு முடிந்து மேடம் வந்தார், கையில் வருகைப்பதிவேடு, விரல்களில் சாக்பீஸ். இசக்கி வாழ்க்கையில் முதல்முறையாக வாதத்தைத் தொடங்காமல் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள். மேடம் கண்ணாடியை மேலேற்றித் திரையைப் பார்த்தார், மணிக்கு மணி தனியாகப் பிரித்துக் காட்டச் சொன்னார், வெறும் தண்ணீர்க் குழியைக் கேட்டார், ஒத்துப்பார்க்கிற மரபணுவைக் கேட்டார், எந்தக் கத்தரி, எந்த இலை, மேலிருந்து எத்தனையாவது என்றார், எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. பிறகு இவள் எதிர்பார்த்த அதே இடத்தில் அடித்தார், வெயில், சூடு. இசக்கி கீழ்வரிசையைத் தொட்டுக்காட்டி அலமாரியைச் சொன்னாள், சொல்லாமல் செய்ததையும் சேர்த்துச் சொன்னாள். மேடம் வருகைப்பதிவேட்டை மேசைமேல் வைத்தார். அந்த முறையை வகுத்தவர் அவர், பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் அதன்படி வெட்டியிருக்கிறார்கள், ஒரு சொல் கடுமையாக வந்தால் இந்தக் கோடுகள் ஒரு கோப்புக்குள் போய் உறங்கிவிடும், யாரும் கேட்கப்போவதில்லை.

"அப்போ மூணு வருஷமா நாம எதம்மா அளந்திருக்கோம்?"

"டீ குடிக்கிற நேரத்தை, மேடம்."

தமீம் அண்ணன் தண்ணீர்க்குழாயை மூடிவிட்டார். மேடத்தின் தோள் ஒருமுறை குலுங்கியது, கோபமென்றுதான் முதலில் தோன்றியது, இல்லை, அந்த அம்மாள் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாக்பீஸ் தூள் கன்னத்தில் ஒட்டிக்கொள்ள, இவள் இந்த ஐந்து வருஷத்தில் பார்த்திராத ஒரு சிரிப்பு. அதற்குப்பிறகு சிரிப்பு மெல்ல வடிந்து, உன் அத்தியாயம் போச்சே என்றார். போச்சு மேடம் என்றாள். ஐதராபாத்துக்கு நான் எழுதட்டுமா என்று கேட்டார், வேண்டாம், நானே எழுதிவிடுகிறேன், ஏன் என்றும் எழுதுகிறேன் என்றாள், சொல்லும்போது குரல் லேசாகத்தான் பிசிறியது. இந்த நான்கு மடங்கை வைத்து வெளியான கட்டுரைக்குத் திருத்தம் அனுப்பவேண்டும், என் பெயர் முதலில் இருக்கட்டும், முறை என்னுடையது என்றார் மேடம், வெட்டியது நான் என்று அதற்கும் இவள் வாதத்துக்குப் போனாள், இருவர் பெயரும் என்று முடிந்தது. மேடம் திரைக்கு இன்னும் நெருக்கமாகக் குனிந்தார். அவருடைய விரல் கடைசியாக எழுந்த கோட்டில் போய் நின்றது.

"ஆறு மணிக்கு முன்னாடி இது என்ன பண்ணுது, இசக்கி?"

"தெரியாது மேடம். யாரும் பார்த்ததில்ல."

மேடம் கைப்பையைத் திறந்து ஒரு சின்ன டைரியை எடுத்தார், நாளைய பக்கத்தைப் புரட்டினார். இரண்டு வகையையும் ஒரே நேரத்தில் வெட்ட இரண்டு கத்தரியும் இரண்டு ஆளும் வேண்டும் என்றாள் இசக்கி. இரண்டாவது ஆள் நான்தான், எத்தனை மணிக்கு வரட்டும் என்று பேனாவைத் திறந்தார் மேடம். நான்கு மணிக்கு என்றாள். ஐம்பத்தாறு வயதில் நான்கு மணிக்கு எழுந்தால் நான் மனுஷியாகவே இருக்கமாட்டேன், ஐந்தரைக்கு வந்து தொடங்கலாம், நான் ஒத்துக்கொள்கிறேன், நீயும் ஒத்துக்கொள் என்று மேடம் கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"நான் ஒத்துக்குவேன் மேடம். செடி ஒத்துக்காது."

மேடம் டைரியை மேசைமேல் விரித்து வைத்தார். பிறகு, நான்கு என்று எழுதினார்.